ஹோர்ட்: எந்த எழுத்துக்கூட்டல்?

ஆசிரியர் ஏன் உங்கள் 'ஹோர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வட்டமிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒலிக்கும் சொற்கள் இரண்டு; கூட்டத்துக்கு உரியது எச்-ஓ-ஆர்-டி-ஈ (horde). நீங்கள் எழுதிய 'சுற்றுலாப் பயணிகளின் ஹோர்ட்' வரியில் ஆர்-க்கு முன் ஒரு ஏ புகுந்து, கடைசி ஈ விழுந்துவிட்டது, அதைத்தான் ஆசிரியர் வட்டமிட்டிருக்கிறார். அப்படி எழுதினால் (hoard) பதுக்கிவைத்த குவியல், பழைய ஆங்கிலத்தில் புதையல். உச்சரிப்பு ஒன்றேதான், போதாததற்கு இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள், அதனால் ஸ்பெல்செக் பெரும்பாலும் வாயே திறக்காது.

கூட்டத்து ஹோர்ட்டின் வேர் துருக்கிய மொழிகளின் 'ஓர்து', அதாவது பாளையம், படைமுகாம். முன்னால் நிற்கும் ஹ போலிஷ் மொழி ஒட்டியது. உருது என்ற பெயருக்கும் இதே வேர்தான். துருக்கியில் இன்றும் ராணுவம் ஓர்துதான்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'பதுக்கல்' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ஏ வேண்டும்.

அப்புறம், கூட்டத்து ஹோர்ட்டில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கல்யாண விருந்தினருக்கு க்ரௌட் போதும்.