காந்தம் காட்டினால் படலம் இளகுமா, விறைக்குமா?

கும்பகோணத்திலிருந்து முதுகலை இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிலிக்கான் பட்டை மேல் இரும்பு-கோபால்ட்-சிலிக்கான்-போரான் படலம் பூசி, ஒரு முனையைப் பிடித்து, கேன்டிலீவராக அதிர வைத்து அளக்கிறேன். மேலே காந்தத்தைக் கொண்டுபோனால் சில சமயம் அதிர்வெண் குறைகிறது, சில சமயம் கூடுகிறது. எது சரி?"

தம்பி, இரண்டுமே நடக்கக்கூடியதுதான். சாதாரண உலோகத்தை இழுத்தால் அணுப்பிணைப்பு நீளும், அதோடு சரி. காந்தத்திரிபு (காந்தமாகும்போது நீளம் மாறும் குணம்) உள்ள பொருளில் அந்த இழுவிசை டொமைன்களின் (ஒரே திசையில் காந்தமான குட்டிப் பகுதிகளின்) காந்தத் திசையையும் கொஞ்சம் திருப்பிவிடும், திரும்பும்போது கூடவே இன்னொரு நீட்சி வந்து சேரும். அதே விசைக்கு அதிக நீட்சி என்றால் யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பு, குறைந்தது போலத் தெரியும், அதிர்வெண்ணும் இறங்கும். இதுதான் டெல்டா ஈ விளைவு.

ஆக, கேட்க வேண்டியது புலம் எவ்வளவு, எந்தத் திசையில் என்பதே. படலத்துக்குத் தளத்திலேயே ஒரு எளிய அச்சு, அதாவது காந்தத் திசை தானாகவே நிற்க விரும்பும் கோடு, இருக்கும். அதற்குக் குறுக்காகப் புலத்தை ஏற்றிக்கொண்டே போனால், டொமைன்கள் தங்கள் இடத்திலிருந்து மெல்ல விடுபட்டு, சின்ன விசைக்கும் திரும்பத் தயாராகிவிடும்; அனிசோட்ரபி புலத்தை (எளிய அச்சிலிருந்து முழுதாகக் குறுக்கே திருப்பத் தேவையான புலத்தை) நெருங்கும்போது படலம் மிகவும் இளகியிருக்கும். அதையும் தாண்டினால் எல்லாமே புலத்தின் பக்கம் திரும்பி நின்றுவிடும், விசைக்கு அசைய மாட்டா, குணகம் மளமளவென்று ஏறிவிடும். எளிய அச்சின் வழியாகவே புலம் கொடுத்தால் பெரும்பாலும் 180 பாகை சுவர்கள்தான் (எதிரெதிர்த் திசை டொமைன்களுக்கு இடையிலான எல்லைகள்) நகரும், அதில் நீளமே மாறாது என்பதால் விளைவும் சொற்பம். குறுக்கான காந்தப்புலத்தில் அனீல் செய்த (சூடாக்கி ஆறவிட்ட) அமார்பஸ் (படிக ஒழுங்கில்லாத) உலோக ரிப்பன்களில் குணகம் பாதிக்கும் கீழே இறங்கியதை அளந்திருக்கிறார்கள். பெரிய கடைகளில் பொருளில் ஒட்டும் திருட்டுத் தடுப்புப் பட்டைகளில் 58 கிலோஹெர்ட்ஸ் வகை இதை நம்பித்தான் ஓடுகிறது: பில் போட்டதும் உள்ளே இருக்கும் சின்னக் காந்தத்தைக் காந்தமிழக்கச் செய்கிறார்கள், ரிப்பனின் விறைப்பு மாறி அதிர்வெண் விலகிவிடுகிறது.

உங்கள் சிக்கல் "மேலே" என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது. மெல்லிய படலத்தைத் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தமாக்க ஒரு டெஸ்லாவையும் தாண்டிய புலம் வேண்டும், தளத்திலேயே கொடுத்தால் சில மில்லிடெஸ்லா போதும். மேலே பிடித்த காந்தத்திலிருந்து உங்கள் படலம் உணர்வது பக்கவாட்டில் சிதறும் புலத்தை மட்டும்தான். கை ஒரு விரல்கடை நகர்ந்தாலும் அதன் அளவும் திசையும் மாறும், புலத்துக்கு எதிராகக் குணகத்தை வரைந்தால் வரும் வளைவரையில் நீங்கள் இறங்கும் பக்கத்துக்கும் ஏறும் பக்கத்துக்கும் தாவிக்கொண்டே இருப்பீர்கள். போதாததற்கு, சீரற்ற புலம் பட்டையை நேரடியாகவே இழுக்கும், அந்த இழுப்பாலும் அதிர்வெண் நகரும்.

அதனால் காந்தத்தை எடுத்து வைத்துவிட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் செய்யுங்கள், ஆரத்தின் அளவே இடைவெளி விட்டு எதிரெதிரே வைக்கும் இரட்டைச் சுருள் அது, நடுவில் சீரான புலம் தரும். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை காவிரி டெல்டாவில் எந்த ஊரிலும் உண்டு, 10 செ.மீ. ஆரத்தில் பக்கத்துக்கு 100 சுற்று கட்டித் தரச் சொல்லுங்கள், 1 ஆம்பியருக்கு சுமார் 0.9 மில்லிடெஸ்லா கிடைக்கும். நம் ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பூமியின் புலம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே, தெற்கிலிருந்து வடக்காக, சுமார் 40 மைக்ரோடெஸ்லா ஓடுகிறது. மென்காந்தப் படலத்துக்கு இதுவும் தெரியும், ஆகவே பட்டையைக் கிழக்கு மேற்காக வைப்பதா வடக்கு தெற்காக வைப்பதா என்று முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

எவ்வளவு மாற்றம் எதிர்பார்க்கலாம்? 100 மைக்ரான் சிலிக்கான் மேல் 1 மைக்ரான் படலம், இரண்டின் குணகமும் ஏறத்தாழ ஒன்று என்று வைத்தால், பட்டையின் வளைவு விறைப்பில் படலத்தின் பங்கு சுமார் 3 சதவீதம். படலம் 10 சதவீதம் இளகினால் பட்டை 0.3 சதவீதம் இளகும், அதிர்வெண் அதில் பாதி, 0.15 சதவீதம். 1000 ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை ஹெர்ட்ஸ். இதைவிட ரொம்பப் பெரிதாக வந்தால் எனக்குச் சந்தேகம் காந்த இழுப்பின் மேல்தான்.

ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவைத்துப் படலம் பூசும் முறை) தங்கும் உள்விசை எளிய அச்சையே திருப்பிவிடும், காந்தப்புலத்தில் வைத்து அனீல் செய்து பாருங்கள். அப்புறம் முழு நிறைவிலிருந்து (டொமைன்கள் எல்லாம் புலத்தின் பக்கம் திரும்பிய நிலையிலிருந்து) தொடங்கிப் பூஜ்யம் வழியாக எதிர்ப்பக்க நிறைவுவரை போய்த் திரும்புங்கள், போகும்போதும் வரும்போதும் இரண்டு கோடு வரும். கடைசியாக, சுமார் 80 சதவீதம் நிக்கல் உள்ள பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) பூசிய இன்னொரு பட்டையையும் அதே சுருளில் அளந்துவிடுங்கள். அதன் காந்தத்திரிபு ஏறக்குறைய பூஜ்யம், ஆகவே அதில் தெரியும் நகர்வு எதுவும் டெல்டா ஈ இல்லை.