முட்டைக்கு வரும் விடைக்கோழிகள்: தீவனமும் பராமரிப்பும் (கேள்வி பதில்)

கேள்வி (பொள்ளாச்சி): ஐயா, எங்கள் வீட்டில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனத்தில் ஆறு பெட்டைகள் வளர்கின்றன. ஐந்து மாதம் முடிந்தும் ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை. எதிர்வீட்டார் வாங்கி வந்த பண்ணைக் கோழிகள் நான்கரை மாதத்திலேயே தொடங்கிவிட்டன. வளர்ப்பில் என்ன குறை?

பதில்: குறை எதுவும் இல்லை. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்கள் 18 முதல் 20 வாரங்களில் முட்டைக்கு வந்துவிடும். நாட்டுக்கோழிக்கு ஆறு மாதமாகும், சிலவற்றுக்கு ஏழு மாதமும் ஆகும். வயதைக் கணக்கிடுவதைவிடக் கோழியைக் கவனிப்பது நல்லது. முட்டைக்கு நெருங்கிய விடையின் (இளம் பெட்டைக்கோழியின்) கொண்டையும் தாடியும் வெளிறிய நிறம் மாறிச் சிவக்கும். முதுகில் கை வைக்கப் போனால் ஓடாமல், இறக்கையைச் சற்றே விரித்துப் பதுங்கி உட்காரும். மூலைமுடுக்கெல்லாம் புகுந்து கேறிக்கொண்டு திரியும். அதன் பிறகும் ஐயமிருந்தால், மாலையில் கூடடைந்த கோழியை எடுத்து, எச்சத்துளையின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். இடையில் ஒரு விரல் மட்டுமே நுழைந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு, மூன்று விரல்கள் தாராளமாக அடங்கினால் கோழி முட்டைக்குத் தயார். உடல் தேறுவதற்கு முன்பே முட்டைக்கு வரும் கோழி சிறு முட்டைகளையே வைக்கும்; முட்டைக்குழாய் வெளியே பிதுங்கும் ஆபத்தும் அதற்கு அதிகம். ஆகவே தாமதத்தை எண்ணி வருந்த வேண்டாம்.

கேள்வி (மேலூர்): முட்டைக்கோழித் தீவனத்தை இப்போதே கொடுத்தால் விரைவில் முட்டை வைக்கும் என்கிறார் கடைக்காரர். நான்கு மாதக் கோழிக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. முட்டைக்கோழித் தீவனத்தில் (லேயர் தீவனம்) சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். வளர்பருவத் தீவனத்தில் அது ஒரு விழுக்காடு அளவே. முட்டை ஓடு உருவாகத் தொடங்காத உடலில் உடலில் சேரும் அந்த மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டியிருப்பதால், நாட்பட நாட்படச் சிறுநீரகம் கெடும். முதல் முட்டையைக் கண்ட பிறகு, பழைய தீவனத்தோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் போதும். பல வயதுக் கோழிகள் ஒன்றாக மேயும் வீடுகளில், எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனத்தையே வைத்து, உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே என் பரிந்துரை. தேவைப்படும் கோழி அதைத் தேடிக் கொத்தும். மற்றவை பெரும்பாலும் சீண்டா.

கேள்வி (அரியலூர்): கடைத் தீவனம் கட்டுப்படியாகவில்லை. நொய்யும் தவிடும் மிஞ்சிய சோறும் போதாதா?

பதில்: உயிர் வாழப் போதும், முட்டைக்குப் போதாது. நொய்யும் சோறும் மாவுச்சத்து. அவற்றை மட்டுமே தின்னும் கோழிக்கு வயிற்றில் கொழுப்பு சேருமே தவிர முட்டை பெருகாது. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 17 விழுக்காடு புரதம் வேண்டும். உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, தவிடு 1.7 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 1.6 கிலோ, உப்பிடாத கருவாட்டுத் தூள் 800 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம் என்று கலந்தால் ஏறக்குறைய அந்த அளவு கிடைத்துவிடும்; கிளிஞ்சல் எப்போதும்போல் தனியாக இருக்கட்டும். பிண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மரவள்ளித் தோலையும் இலையையும் பச்சையாகப் போடக் கூடாது.

முழுநேரமும் அடைத்து வளர்க்கும் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். நன்றாக மேயும் கோழிக்கு அதில் பாதி கொடுத்தாலே போதும். கரையான் உற்பத்தி செலவில்லாத புரதம்: பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைப் போட்டு நீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானையைத் தூக்கித் தட்டினால், கோழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து கொத்தும். முருங்கைக்கீரையும் அசோலா என்னும் நீர்ப்பாசியும் நல்லவை, ஆனால் அவை துணைத் தீவனம் மட்டுமே.

கேள்வி (தூத்துக்குடி): முதலில் வந்த முட்டைகளில் இரண்டு தோல்முட்டைகள் (கெட்டி ஓடில்லாமல் தோல் மட்டும் மூடியவை), ஒன்றின் மேல் இரத்தக் கோடு, இன்னொன்றில் இரட்டைக் கரு. நோயா?

பதில்: இல்லை. புதிதாக முட்டைக்கு வந்த கோழியின் உடல் ஒழுங்குக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இவை மூன்றுமே இயல்பு. இரத்தம் தொடர்ந்து தென்பட்டால் மட்டும் கோழியைப் பிடித்துப் பின்புறத்தைச் சோதியுங்கள்.

தோல்முட்டை நிற்கவில்லை என்றால் சுண்ணாம்பைக் கவனிக்க வேண்டும். ஒரு முட்டை உருவாகும் 24 முதல் 26 மணி நேரத்தில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டுக்கே செலவாகிறது. அதில் பெரும்பகுதி கோழி இரை எடுக்காத இரவில் நடக்கிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். உணவுப்பாதையில் அது இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஆகவே கிளிஞ்சலைத் தூளாக்காமல், நெல் அளவுத் துண்டுகளாக மாலையில் வைத்தால், அவை மெதுவாகக் கரைந்து இரவு முழுவதும் உதவும். முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். ஆனால் நன்றாக வறுத்து, முட்டையின் உருவம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கோழி வாய் திறந்து இரைக்கும்போதும் ஓடு மெலியும். அதற்கு மருந்து நிழலும் குளிர்ந்த நீருமே.

கேள்வி (நாமக்கல்): பன்னிரண்டு முட்டை வைத்ததும் ஒரு விடை அவயத்துக்கு (அடைகாக்க) உட்கார்ந்துவிட்டது. மூக்கில் இறகு செருகினால் எழுந்துவிடும் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: பெரியவர்கள் வழக்கமாகச் செய்தது என்றாலும், அது வீண் வதை. குஞ்சு பொரிக்க வைப்பதானால் 21 நாள்கள் விட்டுவிடுங்கள். வேண்டாமென்றால், அடியில் வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டில் தீவனமும் நீரும் வைத்து மூன்று, நான்கு நாள்கள் அடைத்தால் அடிவயிற்றுச் சூடு தணிந்து அவயம் கலைந்துவிடும்.

கேள்வி (வள்ளியூர்): கோழிகள் வேலியோரப் புதரில் ஒளித்து முட்டை வைக்கின்றன. பாதியைக் கீரி தின்றுவிடுகிறது.

பதில்: கோழி இருட்டான, மறைவான இடத்தைத் தேடும். நான்கைந்து கோழிக்கு ஒரு கூடை வீதம், மணல் பரப்பி மேலே வைக்கோல் இட்டு, திண்ணை மூலையிலோ படிக்கட்டின் அடியிலோ வையுங்கள். ஒரு முட்டையை அடையாளத்துக்காக அதிலேயே விடுங்கள். ஒரு வாரம் காலை பத்து, பதினொரு மணி வரை கோழிகளை வெளியே விடாமல், கூடை உள்ள இடத்திலேயே அடைத்து வைத்தால் பழகிவிடும்.

கேள்வி (விழுப்புரம்): முட்டை வைக்கும்போது தடுப்பூசி போடலாமா?

பதில்: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியையும் குடற்புழு நீக்கத்தையும் முட்டைக்கு வருமுன்பே முடித்துவிடுவது நல்லது, முட்டைப் பருவத்தில் போட்டால் சில நாள்கள் முட்டை குறையலாம். ஊரில் கழிச்சல் பரவியிருந்தால் முட்டையைப் பார்க்காமல் கால்நடை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தாம்பரம்): மாடியில் வளர்க்கிறோம். சேவல் இல்லாமல் முட்டை வைக்குமா?

பதில்: வைக்கும், குஞ்சு மட்டும் பொரிக்காது. மாடியில் தளம் சூடேறுவதால் கூட்டின் மேல் ஓலை வேய்ந்து, நண்பகலுக்கு முன் ஒருமுறை தண்ணீரை மாற்றி வையுங்கள்.