செர்ரி பூத்தும் காய்க்காதது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிங், லாம்பெர்ட் என்று இரண்டு ரகம் வைத்திருக்கிறேன். பூ கொட்டுகிறது, தேனீயும் வருகிறது, காய் மட்டும் நிற்பதில்லை.

ஜோடி தவறு. இனிப்புச் செர்ரி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்பது பலருக்கும் தெரியும். பெயர் வேறான இரண்டு ரகங்களும் ஒன்றையொன்று ஏற்காமல் போகலாம் என்பதைத்தான் கன்று விற்பவர்கள் சொல்வதில்லை.

இதைத் தீர்மானிப்பது ‘எஸ்’ எனப்படும் மரபணு இடம். ஒவ்வொரு மரத்துக்கும் அதில் இரண்டு வடிவங்கள் உண்டு. அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பூவின் நடுவே, மகரந்தம் விழும் நுனிக்கும் அடியிலுள்ள சூலகத்துக்கும் இடைப்பட்ட காம்புதான் சூல்தண்டு. அதில் இரண்டு வடிவங்களுக்கும் உரிய நொதிகள் இருக்கும். மகரந்தத் துகளோ ஒரு வடிவத்தை மட்டுமே சுமந்து வரும். அந்த எண் தண்டிலுள்ள இரண்டில் எதனோடாவது ஒத்துப்போனால், மகரந்தக் குழாய் சூலகத்தை எட்டுமுன் தண்டுக்குள்ளேயே நின்றுவிடும். பிங் எஸ்3எஸ்4. லாம்பெர்ட்டும் எஸ்3எஸ்4. நெப்போலியனும் அதே. இந்த மூன்றையும் எத்தனை வரிசை நட்டாலும் பயனில்லை.

மரத்தை வெட்ட வேண்டாம். வான் (எஸ்1எஸ்3) ரகத்தின் குச்சியை வாங்கி ஒன்றிரண்டு கிளைகளில் ஒட்டுக்கட்டுங்கள். அதன் மகரந்தத்தில் எஸ்3 பாதி வீண், எஸ்1 பாதி உள்ளே போகும். காய்ப்புக்கு அது தாராளம். எஸ் எண் பொருந்தினால் மட்டும் போதாது, பூக்கும் நாட்களும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். வாங்குமுன் இரண்டையும் கேளுங்கள்.

ஸ்டெல்லா தனியாகவே காய்க்குமாமே. அது மரபணு மாற்றப் பயிரா? பிங்குக்குத் துணையாக வைக்கலாமா?

வேற்று மரபணு எதுவும் அதில் நுழைக்கப்படவில்லை. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிலையத்தில் நெப்போலியன் மகரந்தத்தை எக்ஸ் கதிரில் காட்டி, எம்பரர் பிரான்சிஸ் பூக்களில் இட்டார்கள். அதில் கிடைத்த ஜேஐ 2420 என்ற நாற்றை, கனடாவின் சம்மர்லேண்டில் லாம்பெர்ட்டோடு கலந்து பிறந்ததுதான் ஸ்டெல்லா, 1968இல் வெளியானது. கதிர் செய்த வேலை என்ன என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது: எஸ்4இன் மகரந்தப் பக்க மரபணுவில் நான்கே நான்கு டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருந்தன. அந்த மகரந்தத்தை எந்தத் தண்டும் தடுப்பதில்லை.

பிங்குக்கு ஸ்டெல்லா நல்ல துணை. ஆனால் தலைகீழாகச் செல்லாது. ஸ்டெல்லாவின் சூல்தண்டுப் பக்கம் பழுதின்றி எஸ்3, எஸ்4 இரண்டையும் தடுக்கிறது. பிங் மகரந்தம் அங்கே எடுபடாது. கலப்பு செய்பவர்கள் எது தாய், எது தந்தை என்பதை மாற்றிப் போட்டுவிட்டு, காய் நிற்கவில்லை என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

ரெய்னியர் மஞ்சள் பழம். அதன் பெற்றோர் பிங், வான் இரண்டும் கருஞ்சிவப்பு. எப்படி?

நிறத்தைப் பெருமளவு ஆள்வது மூன்றாவது குரோமோசோமில் உள்ள மைப்10 மரபணு. கருஞ்சிவப்பு ஓங்கியது, ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும்; மஞ்சள் ஒடுங்கியது, இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளிப்படும். பிங்கும் வானும் மஞ்சளை ஆளுக்கொரு பிரதி மறைத்து வைத்திருந்தன. ரெய்னியருக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. எஸ் கணக்கும் இதில் அழகாக ஒத்துப்போகும்: பிங்கிலிருந்து எஸ்4, வானிலிருந்து எஸ்1, ரெய்னியர் எஸ்1எஸ்4.

நானே கலப்பு செய்து பார்க்க வேண்டும். படிப்படியாகச் சொல்லுங்கள்.

தந்தை மரத்தில், மொட்டு வெள்ளையாக உப்பி இன்னும் விரியாத கட்டத்தில் பறியுங்கள். கம்பிச் சல்லடையில் தேய்த்தால் மகரந்தப்பைகள் உதிரும். காகிதத்தில் பரப்பி, 20 முதல் 24 டிகிரி அறையில் ஒரு நாள் விட்டால் வெடித்து மஞ்சள் தூள் வரும். சிறு கண்ணாடிக் குப்பியில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். சில நாட்களுக்கு ஃப்ரிட்ஜ், அடுத்த ஆண்டுக்கு ஃப்ரீசர். ஈரம் பட்டால் தூள் செத்துவிடும்.

தாய் மரத்திலும் அதே உப்பிய மொட்டுதான் வேண்டும். செர்ரியில் இதழும் மகரந்தத்தாளும் பூக்கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும். கிண்ணத்தை நகத்தாலோ நுனிக் கத்தரியாலோ சுற்றிக் கிள்ளினால் இரண்டும் ஒன்றாகக் கழன்று, நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். ஆழமாக அழுத்தினால் சூலகம் காயப்பட்டு பூ சில நாளில் உதிரும்; புதியவர்களின் பாதித் தோல்விக்குக் காரணம் இதுதான். இதழ் போன பூவைத் தேனீ பெரும்பாலும் தேடி வராது. மறுநாள், அதற்கடுத்த நாள் என இருமுறை விரல் நுனியால் சூல்தண்டின் உச்சியில் தூளைத் தடவுங்கள். செர்ரியின் சூல் சில நாளே உயிரோடிருக்கும், வெயில் ஏறினால் அதற்கும் குறைவு. தாமதித்தால் தடவியும் வீண்.

முன்கூட்டிப் பழுக்கும் ரகத்தைத் தாயாக்காதீர்கள். பழம் சிவக்கும்போது அதன் கரு முற்றியிருக்காது; ஆய்வுக்கூடத்தில் கருவை எடுத்து ஊட்டக்கூழில் வளர்த்தால்தான் பிழைக்கும். அந்த ரகம் வேண்டுமென்றால் தந்தையாக வையுங்கள்.

கொட்டை முளைக்கவே இல்லை.

குளிர் கொடுத்திருக்க மாட்டீர்கள். சதையைக் கழுவி, முற்றிலும் காயவிடாமல், ஈர மணலில் கலந்து 3 முதல் 5 டிகிரியில் மூன்று, நான்கு மாதம் வையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதும், கூடினால் அழுகும். வேர் நுனி எட்டிப் பார்த்தவற்றை எடுத்து நடுங்கள். முளைப்பது தாய் ரகமாக இருக்காது. ரகம் மாறாமல் வேண்டுமானால் ஒட்டுக்கன்றுதான் வழி.

புது ரகத்துக்கு ஏன் இவ்வளவு ஆண்டு?

நாற்று முதல் பூ விடவே நான்கைந்து ஆண்டு. பிறகு பல பருவம் காய்ப்பைப் பார்த்து, ஒட்டுக்கட்டி, பல இடங்களில் சோதிக்க வேண்டும். இப்போது நாற்றின் இலையிலிருந்தே எஸ் எண், பழ நிறம், ஓரளவு பழ அளவு ஆகியவற்றை டிஎன்ஏ குறியீடுகளால் அறிந்து, தேறாததை முதலிலேயே கழிக்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய ரோஸ்பிரீட் திட்டம் இதைப் பரவலாக்கியது. மழையில் பழம் வெடிப்பது போன்றவை பல மரபணுக்களின் கூட்டு வேலை. அவற்றுக்குத் தோட்டத்தில் காத்திருப்பதைத் தவிர எளிய வழி இல்லை.

பிளம்ஸில் இன்னொரு தந்திரம் உண்டு. பாப்லர் மரத்தின் பூத்தூண்டு மரபணுவைச் சேர்த்துச் செடியைச் சீக்கிரமே பூக்க வைத்து, தலைமுறைகளை விரைவாக ஓட்டி, கடைசித் தலைமுறையில் அந்த மரபணு இல்லாத நாற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சமவெளியில் விற்கும் செர்ரிக் கன்றை வாங்கலாமா? கொடைக்கானலில் வருமா?

சிங்கப்பூர் செர்ரி, பார்படாஸ் செர்ரி, சுரினாம் செர்ரி மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். உண்மைச் செர்ரிக்கு உறவே இல்லை. தாராளமாக நடுங்கள், ஆனால் இங்கே சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. (பேக்கரி பன்னில் இருக்கும் சிவப்புச் ‘செர்ரி’ பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய்.)

உண்மையான இனிப்புச் செர்ரிக்கு 7 டிகிரிக்குக் கீழே சுமார் 800 முதல் 1200 மணி நேரக் குளிர் வேண்டும். கொடைக்கானலில் விளையும் பிளம்ஸ், பேரி ரகங்கள் குறைந்த குளிரிலேயே காய்ப்பவை. அவற்றை வைத்துச் செர்ரியைக் கணக்கிடக் கூடாது. குளிர் போதாவிட்டால் மரம் சாகாது. மொட்டு ஒழுங்கின்றி வாரக்கணக்கில் விரியும், காய் நிற்காது. மின்னி ராயல், ராயல் லீ என்று கலிபோர்னியாவில் உருவான குறைகுளிர் ரகங்கள் உண்டு. முயன்றே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றுக்கு மற்றதன் மகரந்தம் வேண்டும்.