கிருபையை நம்பி வளர்வது என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

இரட்சிக்கப்பட்டுப் பல வருடம் ஆகியும் அதே கோபம், அதே பொறாமை. ஆலோசனை கேட்டால் எல்லாரும் "கிருபையைச் சார்ந்துகொள்", அதாவது தகுதி பாராமல் தேவன் தரும் தயவை நம்பு என்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் கேள்வியின் சாரம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாவமன்னிப்புக்குக் கிருபை, வளர்ச்சிக்கு நம் உழைப்பு என்று நம்மில் பலர் நமக்கே தெரியாமல் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" (மாம்சம் என்பது இங்கே சொந்தப் பலம்) என்று கலாத்தியர் 3:3இல் பவுல் கேட்பது இந்தப் பங்கீட்டைத்தான். சபை வரலாற்றிலும் இது பழைய வழக்கு. கிருபை என்பது நாம் ஏற்கெனவே செய்த பாவங்களை மன்னிக்க மட்டுமே, இனிப் பாவம் செய்யாதிருக்க உதவுவதற்கு அல்ல என்ற போதனையை கி.பி. 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் ஆலோசனைச் சங்கம் வெளிப்படையாகவே கண்டித்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. "எல்லாம் கிருபை" என்று சொல்லிவிட்டு வேதத்தையும் ஜெபத்தையும் ஓரமாக வைத்துவிடுவது. தீத்து 2:11, 12இன்படி தேவகிருபை அவபக்தியை (தேவனை மதியாத வாழ்வை) வெறுக்கும்படி நமக்குப் போதிக்கிறது. அங்கே மூலத்தில் உள்ள கிரேக்க வினைதான் எபிரெயர் 12:6இல் "சிட்சித்து" என்று வருகிறது. பிள்ளையைக் கண்டித்துத் திருத்தி வளர்ப்பதற்கான சொல் அது. கிருபை என்றால் தட்டிக்கொடுத்தல் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும்.

பிரயாசமும் கிருபையும் எப்படி ஒன்றாகப் போகும்? பிலிப்பியர் 2:12 "பிரயாசப்படுங்கள்" என்று முடிகிறது. 13 "ஏனெனில் தேவனே" என்று தொடங்குகிறது. விருப்பத்தையும் செய்கையையும் நமக்குள் உண்டாக்குகிறவர் அவரே. நான் பாதி, அவர் பாதி என்று அங்கே இல்லை. அவர் செய்வதால்தான் நான் செய்ய முடிகிறது. ஆகவே செய்ய விருப்பமே வரவில்லை என்றால் அதையே கேட்கலாம்: "ஆண்டவரே, இவரை மன்னிக்க எனக்கு மனதில்லை, அந்த மனதைத் தாரும்." மனம் வந்த பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் 13ஆம் வசனத்தில் பாதியைப் படிக்காமல் விட்டவர்கள்.

ஒருவர் எதை நம்பியிருக்கிறார் என்பது அவர் விழுந்த பிறகுதான் தெரியும். கோபத்தில் கத்திவிட்டீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்? "இப்போது ஜெபிக்க எனக்குத் தகுதியில்லை, இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஆண்டவரிடம் போகிறேன்" என்று தோன்றினால், அந்த இரண்டு நாள் நல்ல நடத்தையைத்தான் நுழைவுச்சீட்டாக நம்புகிறீர்கள். எபிரெயர் 4:16 கிருபாசனத்தண்டைக்கு, அதாவது தேவனுடைய கிருபையின் சிங்காசனத்தின் அருகே, வரச் சொல்வது இரக்கத்தைப் பெறவும், ஏற்ற சமயத்தில் சகாயம் அடையவும். இரக்கம் தேவைப்படுகிறவன் குற்றவாளிதானே.

அறிக்கையிடும்போது "என் பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாக மூட்டை கட்டாதீர்கள். இன்ன நபரிடம், இன்ன வார்த்தையைச் சொன்னேன், அதற்குப் பின்னால் இருந்தது பயமோ பெருமையோ என்று பெயர் வைத்துச் சொல்லுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9இன் வாக்கை நம்பி எழுந்து, அந்த நபரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். லூக்கா 19இல் வரும் வரிவசூலிப்பவனான சகேயுவின் கதையிலும் முதலில் கிருபை, பிறகு திருந்துதல் என்பதுதான் வரிசை. இயேசு "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றது முதலில். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது பிறகு. வரிசையை மாற்றினால் மனந்திரும்புதல் அபராதம் கட்டுவதாகிவிடும்.

வேதவாசிப்பிலும் இதே தவறு நடக்கிறது. வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வேண்டும். பத்து நாள் தவறினால் முப்பதுக்கு மேல் பாக்கி சேரும். அந்தப் பாக்கியைப் பார்த்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். பாக்கியை விட்டுவிட்டு இன்றைய பகுதியைத் திறங்கள். வாசிப்பு கடன் தவணை அல்ல, சாப்பாடு. நேற்றுத் தவறியதற்காக இன்று ஆறு வேளை சாப்பிடுவாரில்லை. நான்கு அதிகாரம் ஓடுவதைவிட ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்து, அதில் வரும் வாக்குத்தத்தம் ஒன்றையும் கட்டளை ஒன்றையும் பிடித்து, அந்தக் கட்டளைக்கான பெலனை அப்போதே கேட்பது பலன் தரும். பதினைந்து நிமிடம் போதும்.

தனியாகப் போராடியே தீருவேன் என்பதும் சுயபலம்தான், பக்தி வேஷத்தில். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. வாயடக்கமுள்ள, முதிர்ந்த ஒருவர் போதும், கூட்டம் வேண்டாம். போதைப்பழக்கம், நீங்காத மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

வளர்ச்சியைத் தினமும் தோண்டிப் பார்க்காதீர்கள். மாற்கு 4:27இல் விதைத்தவனுக்கே அது முளைத்து வளர்கிற விதம் தெரியவில்லை. சீர்திருத்த சபைகளின் போதனை நூலான 1563இன் ஹைடல்பர்க் வினாவிடையும் மிகப் பரிசுத்தமானவர்களுக்குக்கூட இந்த வாழ்வில் கீழ்ப்படிதலின் சிறு தொடக்கமே உண்டு என்கிறது. ஆனாலும் எல்லாக் கட்டளைகளின்படியும் வாழத் தொடங்குகிறார்கள் என்று கூடவே சொல்கிறது. கோபம் முற்றிலும் போயிற்றா என்று பார்ப்பதைவிட, கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டதற்கும் இடையிலான நேரத்தைப் பாருங்கள். போன வருடம் மூன்று நாள் முகம் திருப்பியிருந்தவர் இந்த வருடம் அன்று மாலையே பேசிவிடுகிறாரா? வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், உங்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.