காலி பாக்கெட்டும் கசங்கிய டப்பாவும்: ஸ்டில் லைஃப் கேள்வி பதில்

கேள்வி: நுகர்வைப் பற்றிய தொடருக்காகக் காலி சிப்ஸ் பாக்கெட், பாட்டில் மூடி எல்லாம் படமெடுக்கிறேன். பார்ப்பவர்கள் வெறும் குப்பை என்று கடந்துவிடுகிறார்கள். எங்கே குறை?

பதில்: பெரும்பாலும் ஒளியில். புதுப் பொருளை விற்க விளம்பரக்காரர் எவ்வளவு மெனக்கெடுவாரோ, அதே அளவு தூக்கியெறிந்த பொருளுக்கும் மெனக்கெடுங்கள். விளம்பரமும் ஃபேஷனும் எடுத்துப் பழகிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென், 1972இல் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை அப்படித்தான் எடுத்தார். வெற்றுப் பின்னணியில் பெரிதாக்கி, பிளாட்டினம்-பல்லேடியம் அச்சாக, அதாவது அந்த உலோகங்களால் பிம்பம் உருவாகும் அச்சாகப் போட்டார். 1975இல் அவை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. நீங்களும் பத்துப் பொருளைக் குவிக்காமல் ஒன்றை மட்டும் வையுங்கள்.

கேள்வி: பாக்கெட்டின் வெள்ளி நிற உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது. லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டும் போகவில்லையே?

பதில்: போகாது. பிளாஸ்டிக், கண்ணாடி மேல் சாய்வாக விழும் பளபளப்பைத்தான் போலரைசர் வெட்டும். உலோகப் பூச்சில் அது எடுபடாது. திட்டு என்பது உங்கள் விளக்கின் பிம்பம். விளக்கைப் பெரிதாக்கினால் பிம்பமும் பரவிவிடும். 60 × 90 செ.மீ. சட்டத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, படத்துக்குள் வராத அளவுக்குப் பாக்கெட்டுக்கு மிக அருகில் நிறுத்துங்கள். விளக்கு அதற்குப் பின்னால் அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் தாளின் நடுவில் மட்டும் வெளிச்சம் குவிந்து பழைய திட்டே திரும்பும்.

இப்போது எல்லாம் வெளுத்துத் தட்டையாகத் தெரியும். மூன்று விரல் அகலக் கறுப்பு சார்ட் பட்டையைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தபடி மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒவ்வொரு சுருக்கத்தின் விளிம்பிலும் கருங்கோடு ஏறும். பட்டையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: முழுக்க ஷார்ப்பாக வர லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/22 வைத்தேன். மங்கலாகத்தான் வருகிறது.

பதில்: துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறும். எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட், 2 விநாடி டைமர் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி 10 முதல் 15 படம் எடுத்து மென்பொருளில் இணையுங்கள். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் மேனுவலில் இருக்க வேண்டும். இன்னொன்று: கசக்கிய பாக்கெட் தானாக விரிந்துகொண்டே இருக்கும். அதனால் இணைத்த படத்தில் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அடியில் டபுள் டேப் ஒட்டி, அசைவு அடங்கிய பிறகு எடுங்கள்.

கேள்வி: செல்போன் போதுமா? படத்தில் டப்பா கோணலாகத் தெரிகிறது.

பதில்: போதும். தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு லென்ஸில், டப்பாவின் நடு உயரத்தில் போனை நேராக வைத்து எடுங்கள்.

கேள்வி: பிராண்ட் பெயரை மறைக்க வேண்டுமா?

பதில்: கலைத் தொடர் என்றால் மறைக்காதீர்கள், நுகர்வைப் பற்றிப் பேசுவதே அந்த எழுத்தும் நிறமும்தான். பாதி எழுத்து தெரிந்தாலே கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். அந்த நிறம் பிசகக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தையும் பல்பையும் கலக்காமல், முதல் படத்தில் கிரே கார்டை (நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் நிற அட்டை) வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படங்களை விற்கும் ஸ்டாக் தளங்களில் வணிகப் பயன்பாட்டுக்கு விற்பதாக இருந்தால், லோகோ தெரியும் படத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள்.