வாசகர் கேள்வி பதில்: வயது வந்தபின் பரதம்

கேள்வி: வயது 38. சிறுவயதில் பரதநாட்டியம் கற்க வாய்க்கவில்லை. இப்போது சேரலாமா? நல்ல வகுப்பை எப்படி அடையாளம் காண்பது?
- வாசகி, உட்லண்ட்ஸ்

தாராளமாகச் சேரலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தும் வகுப்பு வேண்டாம். அவர்களுக்கு இடுப்பு எளிதாகத் திரும்பும். அவர்களோடு நீங்களும் ஓடினால் முட்டிதான் பாவம். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், 1952இல் தொடங்கிய பாஸ்கர்ஸ் ஆர்ட்ஸ் அகாடமி, 1977இல் தொடங்கிய அப்சராஸ் ஆர்ட்ஸ் போன்ற பழைய அமைப்புகளோடு, தனியாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். பணம் கட்டுமுன் அனுமதி கேட்டு ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியோடு இருந்த இடத்திலேயே இருக்கிறாரா, எழுந்து வந்து முட்டியைத் திருத்துகிறாரா? புதியவர் தாளம் தப்பினால் மெதுவான முதல் காலத்துக்குத் திரும்புகிறாரா? வாசலில் சிரித்து வரவேற்பதெல்லாம் இதற்கப்புறம்தான்.

பாணியையும் கேட்டுவிடுங்கள். கலாக்ஷேத்ரா, பந்தநல்லூர், வழுவூர் பாணிகளில் அடவுகள், அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகள், வேறுபடும். பாதியில் மாறினால் பழகிய உடம்பை மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

உடைக்குப் பருத்திச் சல்வார் போதும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தொளதொள பேன்ட் போட்டால் முட்டி எங்கே போகிறதென்று ஆசிரியருக்குத் தெரியாது.

கேள்வி: சேர்ந்து ஒரு மாதம். அரைமண்டியில் (முட்டிகளை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) நின்றால் முட்டியின் உள்பக்கம் வலிக்கிறது. வயதுதான் காரணமா?
- வாசகர், தெம்பனிஸ்

வயதைவிட நிற்கும் விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடை இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதம் மட்டும் திரும்பினால், நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி முறுக்கப்படும்.

சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். குதிகால்களுக்கு நடுவே மூன்று நான்கு விரல் இடைவெளி. தொடைகளை வெளிப்பக்கம் திருப்பியபடி மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு முட்டியும் அந்தக் காலின் இரண்டாம் விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். முட்டி முன்னால் சாய்ந்தால் பாதத்தைச் சற்று உள்ளே திருப்புங்கள். படங்களில் காணும் நேர்கோடு உங்களுக்கு இப்போது தேவையில்லை. குதிகால் எழும்பினாலோ இடுப்பு முன்னால் பிதுங்கினாலோ, தாங்கும் அளவுக்கு மேல் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். பத்து விநாடி நின்று எழுங்கள், ஐந்து முறை.

தட்டும் விதத்தையும் கவனியுங்கள். முழுப் பாதமும் ஒரே சமயத்தில் தரையில் பட வேண்டும். 'தட்' என்று ஒற்றை ஓசை வந்தால் சரி. 'டதட்' என்று கேட்டால் குதிகால் முந்துகிறது, அதிர்வு நேரே மேலே ஏறுகிறது. தட்டத் தட்டத் தலை மேலும் கீழும் ஆடினால், ஒவ்வொரு தட்டுக்கும் அரைமண்டியை விட்டு எழுகிறீர்கள்.

முட்டி வீங்கினாலோ படி இறங்கும்போது வலித்தாலோ தட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் தட்டடவு (பாதத்தால் தரையைத் தட்டும் அடவு) பழகினால் கீழ்வீட்டார் கோபிக்கிறார்கள். பாய் விரிக்கலாமா?
- வாசகி, ஈசூன்

தடித்த பஞ்சுப்பாயில் கணுக்கால் ஆடும். பாய்த்துண்டுகளின் இணைப்பு நகர்ந்தால் வழுக்கும். ஓடு பதித்த கான்கிரீட் தரையோ காலுக்கும் நல்லதல்ல. வீட்டில் தட்டாமலே பழகலாம். கையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டு 'தெய்யா தெய்' என்று வாயால் சொல்லுங்கள்: முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாய்க்கு வராத வேகம் காலுக்கும் வராது. பிறகு கால்வரிசையை ஓசையின்றி வைத்துப் பாருங்கள். முதல் தட்டடவில் வலமும் இடமும் மாறி மாறி, இரண்டாவதில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் மும்மூன்றாக. நாளுக்கு இருபது நிமிடம் போதும்.

ஓங்கித் தட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வகுப்புத் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து சமூக மன்றத்தில் மரத்தளமுள்ள நடன அறையை வாடகைக்கு எடுங்கள். செலவு பங்காகிவிடும்.

கேள்வி: தேக்காவில் சலங்கை பார்த்தேன். வாங்கிவிடலாமா?
- வாசகி, பொங்கோல்

இப்போது வேண்டாம். பல பள்ளிகளில் சலங்கை பூசை செய்து ஆசிரியர் கையால் வாங்கிக் கட்டுவதுதான் வழக்கம். எத்தனை வரிசை, எவ்வளவு கனம் என்பதையும் அவரே சொல்வார். கை அரித்தால் பயிற்சிச் சேலை வாங்குங்கள், அதையும் எந்த நீளம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு.