எட்டுக் குறிப்புகளும் ஒரே முடிவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் செய்த வேலைகளையெல்லாம் இ-போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து, ஒவ்வொன்றின் கீழும், அதில் என்ன கற்றேன் என்று திரும்பிப் பார்க்கும் ஒரு ‘ரிஃப்ளெக்‌ஷன்’ எழுத வேண்டும். எட்டு எழுதிக் கொடுத்தேன். எட்டும் ‘ஆழம் போதாது’ என்ற ஒரே குறிப்போடு திரும்பி வந்துவிட்டன.

கள ஆய்வுக்கு நான் எழுதியது இது: “இந்த ஆய்வின் மூலம் திட்டமிடுதலின் முக்கியத்துவத்தையும் குழுவாகச் செயல்படுவதன் அவசியத்தையும் கற்றுக்கொண்டேன். இது என் எதிர்காலத்துக்கு மிகவும் உதவியாக இருக்கும்.” இதில் என்ன குறை?

உண்மையில் அந்த ஆய்வில் எழுத ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு குழப்பம்தான். “நூலகம் அமைதியாகவும் போதிய புத்தகங்களுடனும் இருக்கிறதா?” என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். முதலில் கொடுத்த 20 பேரில் 11 பேர் அதை நிரப்பவே இல்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒரு பெண் “எதற்குப் பதில் சொல்ல, அமைதிக்கா புத்தகத்துக்கா?” என்று கேட்டபிறகுதான் புரிந்தது. கேள்வியை இரண்டாக உடைத்தேன். பழைய கேள்வித்தாளைப் பார்க்கவே வெட்கமாக இருந்ததால் போன வாரம் கூகுள் டிரைவிலிருந்து அழித்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். தவறுகளை எழுதினால் மதிப்பெண் குறையாதா? நாளை வேலை கொடுப்பவர்கள் பார்த்தால்?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் குறிப்பை எடுத்து வேறு யாரோ செய்த வேறு ஏதோ வேலையின் கீழே ஒட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. நாடகம் போட்டவருக்கும் பொருந்தும், பாலத்துக்கு வரைபடம் போட்டவருக்கும் பொருந்தும். உங்கள் ஆசிரியர் ‘ஆழம்’ என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஆழம் என்றதும் மாணவர்கள் பெரிய பெரிய சொற்களைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். தேவைப்படுவது சின்ன விஷயங்கள்.

எழுத ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் எழுதியும் விட்டீர்கள். கடிதத்தின் மூன்றாவது பத்திதான் நீங்கள் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு. அதில் ஒரு கேள்வி இருக்கிறது, ஒரு எண்ணிக்கை இருக்கிறது, நீங்கள் போட்ட தப்புக் கணக்கு இருக்கிறது, அதைத் திருத்திய ஆள் இருக்கிறார். அதை வேறு யாருடைய வேலையின் கீழும் ஒட்ட முடியாது.

ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள். ஒரே கேள்வியில் இரண்டைத் திணிப்பதற்கு ஆய்வு முறைப் பாடத்தில் ‘டபுள் பேரல்ட்’ கேள்வி என்று பெயரே உண்டு. அநேகமாகத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். படித்திருந்தும் ஏன் எழுதினீர்கள்? எழுதிய பிறகும் ஏன் கண்ணில் படவில்லை? ஒருவேளை உங்கள் மனதில் ‘நல்ல நூலகம்’ என்பது அமைதியும் புத்தகமும் சேர்ந்த ஒரே பொருளாக இருந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் அனுபவத்தையே பதில் சொல்பவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இன்னொன்று, 11 பேர் விட்டுவிட்டதும் முதலில் குறை சொன்னது அவர்களை, கேள்வியை அல்ல. நான் உங்கள் ஆசிரியராக இருந்தால் இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை அள்ளிப் போடுவேன்.

ரிஃப்ளெக்‌ஷனுக்குப் பாடநூல்களில் ‘பிரதிபலிப்பு’ என்று போடுகிறார்கள். கண்ணாடி முன்னால் நிற்பதை மட்டும்தான் காட்டும். நம்மிடம் ‘அசைபோடுதல்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. மாடு அவசரமாக மேய்ந்ததை, பிறகு ஓரமாகப் படுத்துத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறது. புதிதாகப் புல் எதுவும் தின்பதில்லை. சரி, சொல்லாராய்ச்சி போதும்.

இப்படிக் குறிப்பு எழுதுவதற்கு உங்களுக்குக் கிப்ஸின் படிநிலைகளைக் கொடுத்திருப்பார்கள். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்தது: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, ஏன், முடிவு என்ன, அடுத்து என்ன செய்வாய் என்று ஆறு. நல்ல கருவிதான். ஆனால் படிவம் நிரப்புவதுபோல ஆறு தலைப்பின் கீழும் எழுதும்போது என்ன ஆகிறதென்றால், ‘என்ன நடந்தது’ அரைப் பக்கம் போகிறது, ‘ஏன்’ ஒரு வரியில் முடிகிறது. இதைத் தலைகீழாக்குங்கள். காகிதத்தில் எழுதியவர்களுக்கு நடந்ததை விவரிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. உங்களுக்கு இல்லை. கேள்வித்தாளின் முதல் வடிவத்துக்கு ஓர் இணைப்பு, திருத்திய வடிவத்துக்கு ஓர் இணைப்பு, முடிந்தது. மிச்ச இடம் முழுக்க ‘ஏன்’ என்பதற்கு. இந்த வசதியை விட்டுவிட்டால், மின்வடிவத்தில் செய்வதற்குக் காரணமே இல்லை. ஒரு ஃபைலில் கோத்துக் கொடுத்துவிடலாம்.

எப்போது எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எட்டையும் ஒரே இரவில் என்று ஊகிக்கிறேன். நானும் அதைச் செய்தவன். ஒரு பயிற்சி முடிவில் பன்னிரண்டு குறிப்புகளைக் கடைசி இரவில் உட்கார்ந்து எழுதினேன். நேர்முகத்தில் அதில் ஒன்றைக் காட்டி, “இந்த முடிவுக்கு எப்போது வந்தீர்கள்?” என்று கேட்டார்கள். நேற்று ராத்திரி என்று சொல்ல முடியுமா? விழித்தேன். தொழில் செய்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் இரண்டு விதமான யோசனையைப் பிரித்துச் சொன்னார்: வேலை நடக்கும்போதே ஓடுவது, முடிந்தபிறகு திரும்பிப் பார்ப்பது. முதலாவது அன்றைக்கே இரண்டு வரி குறித்து வைக்காவிட்டால் போய்விடும். அந்தப் பெண் கேட்ட கேள்வியை நீங்கள் மறக்காதது அதிர்ஷ்டம். மற்ற ஏழு வேலைகளிலும் அப்படி யாராவது ஏதாவது கேட்டிருப்பார்கள்.

தவறை எழுதினால் மதிப்பெண் குறையுமா? தவறு செய்தேன், இனி செய்ய மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம்போல எழுதினால் குறையலாம். எப்படிக் கண்டுபிடித்தேன், எதை மாற்றினேன் என்று எழுதினால் குறைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. எல்லாக் குறிப்பும் சுபமாக முடிய வேண்டும் என்பதும் இல்லை. ‘இன்னும் புரியவில்லை’ என்று ஒன்று நின்றால் நிற்கட்டும். உள்ளத்தை முழுக்கத் திறந்து காட்டும் கடமையும் உங்களுக்கு இல்லை. குழுவில் ஒருவர் வேலையே செய்யவில்லை என்றால், அவர் பெயரை எழுதாதீர்கள். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஆய்வில் பதில் சொன்னவர்களையும் அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது.

வேலை கொடுப்பவர் விஷயம் எளிது. மஹாரா போன்ற போர்ட்ஃபோலியோ தளங்களில் எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று. ஆனால் வெளியாருக்கான பக்கத்திலும் இந்தக் கேள்வித்தாள் கதையை வைப்பேன். ‘குழுவாகச் செயல்படும் திறன் உண்டு’ என்பதை அவர்கள் அன்றைக்கு நாற்பதாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், அந்தப் பழைய கேள்வித்தாள். போன வாரம்தானே அழித்தீர்கள்? கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். பதிலுக்கு நன்றி சொல்லி எழுதுவதெல்லாம் பிறகு, முதலில் போய் அதை எடுங்கள்.